அரை நாள் உலாவும் ஒரு காமிராவும்

விடுமுறை என்றால் ஊர். ஊர் என்றால் நாகர்கோவில் வண்டி. மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கணக்கு தலைமுறை தலைமுறையாக மாறாமல் இருந்து வருகிறது. முன்பதிவுக் காலத்தை 120 நாட்களிலிருந்து 60 நாட்களாக ரயில்வே நிர்வாகம் 2024 நவம்பர் முதல் தேதி தொட்டுக் குறைத்தபோது மாட்டுங்காவிலும் தாராவியிலும் சயானிலும் நம்மவர் அடைந்த பதற்றத்தைச் சொல்லி முடியாது. ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிறவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக எங்களை மாடிப்படியில் மறித்து விசாரித்தவர்கள் பலர். கோப்புகளோடு மட்டுமே உறவாடும் எங்களுக்கும் டிக்கெட் ஜன்னலுக்கும் வெகுதூரம் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை.

ஊர் ஆசையைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. எங்களுக்கும் அந்த ஆசை உண்டு. ஆயினும் அந்த ஒரு மாதம் போக, மீதிப் பதினோரு மாதமும் நாம் உண்டு உறங்கி உழைக்கும் இந்நகரத்தை நாம் எவ்வளவு கண்டிருக்கிறோம்? அலுவலகம் தெரியும், ரயில் நிலையம் தெரியும், பள்ளிக்கூடமும் கோவிலும் மருத்துவமனையும் தெரியும். உறவினர் வந்தால் கேட்வே ஆப் இந்தியாவையும் ஜூஹு கடற்கரையையும் காட்டுவோம். அத்துடன் சரி.

எங்கள் தந்தையாரின் தகரப் பெட்டியில் இருந்த படங்களை ஒருநாள் தரையில் பரப்பிப் பார்த்தோம். 30 ஆண்டுகளுக்கு மேல் இந்நகரில் உழைத்தவர் அவர். திருமணப் படம் உண்டு. ஸ்டூடியோவில் வர்ணத் திரைக்கு முன்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எடுத்த படம் உண்டு. ஊர்க் கோவில் கொடைப் படங்கள் ஏராளம். மும்பையின் வெயிலில், மும்பையின் ஒரு மரத்தடியில், அவர் நிற்கும் படம் ஒன்றேனும் இல்லை. அவர் இங்கே வாழ்ந்ததற்கு நிழற்படச் சாட்சி கிடையாது! இங்கேயே பிறந்து இங்கேயே வளரும் எங்கள் குழந்தைகளுக்கும் அதே நிலை வரலாகாது என்று அன்று எங்கள் இல்லத்தில் பேச்சு எழுந்தது. அதிலிருந்து பிறந்ததே எங்கள் மாதாந்தர உலா.

ஒரே கட்டடத்தில் வசித்த ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்படுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்றடையும் இடமாக இருக்க வேண்டும். விளக்கேற்றும் நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். ஹோட்டல் செலவு கூடாது, கட்டுச்சோறுதான். இவ்வளவே சட்டம். ஸீஸன் டிக்கெட் ஞாயிற்றுக்கிழமையும் செல்லும் என்பதை மறந்துவிடும் அன்பர்கள் உளர். அதன் எல்லைக்குள் இருக்கும் இடத்துக்குப் போக்குவரத்துச் செலவே இல்லை. ஆனால் ஞாயிறன்று தண்டவாளப் பராமரிப்புக்காக 'மெகா பிளாக்' அறிவிப்பார்கள். எந்த மார்க்கத்தில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று சனிக்கிழமையே பார்த்து வைத்துக்கொள்ளாவிட்டால் உலா முழுவதும் பிளாட்பாரத்திலேயே நடந்து முடிந்துவிடும்.

முதலில் சென்றது சயான் குன்றுக்கு. 'சயான்' என்பது வெள்ளைக்காரர் வாயில் உருமாறிய பெயர். ரயில் நிலையப் பலகையில் மராத்தியில் 'ஷீவ்' என்று எழுதியிருப்பதைக் காணலாம். நம்மில் பலர் அதைச் சிவபெருமானின் திருநாமம் என்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொள்வதுண்டு. அச்சொல்லுக்கு மராத்தியில் எல்லை என்பது பொருள். பம்பாய்த் தீவு ஆங்கிலக் கம்பெனியிடமும், வடக்கே இருந்த சால்செட் தீவு போர்த்துகீசியரிடமும் இருந்த காலத்தில் இரண்டுக்கும் எல்லையாக நின்றது இவ்விடம். அவ்வெல்லையைக் காவல் புரியவே 1669க்கும் 1677க்கும் இடையில், கவர்னர் ஜெரார்டு ஆஞ்சியரின் காலத்தில், குன்றின் மேல் சிறு கோட்டை கட்டினார்கள். இப்போது எஞ்சியிருப்பவை இடிந்த சுவர்களும் படிகளும்தாம். அடிவாரத்தில் தோட்டம் உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் மும்பை வட்ட அலுவலகமும் அங்கேதான் இருக்கிறது. நிதானமாக ஏறினாலும் கால்மணி நேரத்துக்குள் உச்சியை அடைந்துவிடலாம்.

எங்களுடன் அன்று ஒரு திருநெல்வேலி ஆச்சியும் வந்திருந்தார். மணமாகி வந்த நாள் தொட்டு 40 ஆண்டுகளாக அந்தக் குன்றுக்கு நடை தூரத்திலேயே வாழ்ந்தவர். பக்கத்து மருத்துவமனைக்கு மட்டும் நூறு முறை சென்றிருப்பார். குன்றின் மேல் ஏறியதில்லை. ஏறுவதற்கு அங்கே ஏதேனும் உண்டு என்று எவரும் அவருக்குச் சொன்னதுமில்லை. ஒரு கையால் பேத்தியின் தோளையும் மறு கையால் சோற்றுத் தூக்கையும் பற்றிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தவர், இடிந்த மதிலில் அமர்ந்து, வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "ஏளா, இத்தன நாளா இது இங்கனக்குள்ளயா இருந்துச்சு?" என்று கேட்டார். அக்கணத்தில் அந்தப் பத்து வயதுப் பேத்தி எடுத்த படத்தைப் பற்றிப் பின்னர் சொல்லுகிறோம்.

தாராவிக்கும் மித்தி நதிக்கும் நடுவில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா என்று ஒரு வனம் இருக்கிறது. ஒரு காலத்தில் நகரத்தின் குப்பையைக் கொட்டிய மேடு அது. 37 ஏக்கர் பரப்பில் மண்ணிட்டு மரம் நட்டு வளர்த்து, 1994இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நம் தாராவி மக்களுக்கு வாசற்படி போன்ற இடம். உள்ளே சென்றால் வெளியே ஓடும் பேருந்தின் சத்தம் கூட அடங்கிவிடுகிறது. மழைக்காலம் கழிந்ததும் வண்ணத்துப்பூச்சிகள் மிகுதி. குழந்தைகளுக்கு நிழற்படக் கலையைப் பழக்க இதைவிடத் தக்க இடம் அருகில் இல்லை என்பது எங்கள் அபிப்பிராயம். ஏனெனில் வண்ணத்துப்பூச்சி, பொறுமையில்லாதவனுக்கு ஒரு படமும் கொடாது.

படம் எடுக்கும் முறையைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். இக்காலத்தில் காமிரா இல்லாத வீடு இல்லை. கைபேசியிலேயே அது அடங்கிவிட்டது. எனவே குறைபாடு கருவியில் இல்லை. அளவின்மையே இன்றைய குறை. ஒரு பிறந்தநாளுக்கு 400 படம் எடுத்து, அவற்றில் ஒன்றையும் மறுமுறை பார்க்காதவர்கள் நம்மிடையே அதிகம். முற்காலத்துப் பெட்டிக் காமிராவில் 120 எண் சுருளைப் போட்டுச் சதுரப் படம் எடுத்தால் 12 படத்துக்குமேல் வராது. 35 மில்லிமீட்டர் சுருளில் 36 படம். அதைப் பின்பற்றி, ஓர் உலாவுக்கு ஒரு குடும்பம் 36 படங்களுக்கு மேல் எடுப்பதில்லை என்று நாங்கள் வரம்பு கட்டிக்கொண்டோம். முதல் உலாவில் சிறுவர்கள் முணுமுணுத்தார்கள். மூன்றாவது உலாவில், எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று பார்க்கும் வழக்கம் அவர்களுக்குத் தானாக வந்துவிட்டது.

வெளிச்சம் பாதி வேலையைச் செய்துவிடும். காலை ஒன்பது மணிக்குள்ளும், மாலையில் வெயில் சாய்ந்த பின்னரும் எடுக்கும் படத்துக்கு நிகர் இல்லை. உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கரிய குழி விழுந்து, மணமகள் கூடக் காய்ச்சலில் கிடந்தவள் போலத் தோன்றுவாள். அந்நேரத்தில் எடுத்தே ஆக வேண்டுமாயின் ஆட்களை மர நிழலுக்கோ திண்ணைக்கோ அழைத்துச் செல்லுங்கள். இன்னொன்று. நம்மவர் படத்துக்கு நின்றால் இராணுவ அணிவகுப்புப் போல வரிசையாக நின்று, மூச்சையும் அடக்கிக்கொள்வார்கள். அவர்களை நிற்கவிடாமல் ஏதேனும் ஒரு வேலையில் ஈடுபடுத்துங்கள்: சோறு பரிமாறட்டும், குழந்தைக்குத் தலை வாரட்டும், படியில் ஏறட்டும். அப்போதுதான் அவரவர் முகம் அவரவருக்கு வரும்.

நாங்கள் மும்முறை சென்று, இன்னும் தெவிட்டாத இடம் கான்ஹேரிக் குகைகள். மேற்கு ரயில் மார்க்கத்தில் போரிவலி நிலையத்தில் இறங்கிக் கிழக்கே சென்றால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் வாயில். அங்கிருந்து குகைகளுக்கு 6 கிலோமீட்டருக்குக் குறையாது. பூங்காவின் பேருந்து உண்டு. திங்கட்கிழமை விடுமுறை. பூங்காவுக்கு ஒரு கட்டணமும் குகைகளுக்கு ஒரு கட்டணமும் தனித்தனியே செலுத்த வேண்டும். காட்டில் சிறுத்தைகள் வாழ்வதால் மாலை மயங்கும் முன் வெளியேறிவிடுவது நலம். சிறுத்தையைக் காட்டிலும் குரங்குகளிடம் அதிக எச்சரிக்கை தேவை. எங்கள் எலுமிச்சஞ்சோற்றுப் பொட்டலம் இரண்டினை அவை இருந்த இடத்திலிருந்தே பெற்றுக்கொண்டன.

கிருஷ்ணகிரி என்ற பழம்பெயரே கான்ஹேரி எனத் திரிந்தது. கரிய மலை என்பது பொருள். நம் சேலத்துக்கு அப்பால் இருக்கும் கிருஷ்ணகிரியை அறிந்தவர்களுக்கு இங்கே வந்ததும் ஓர் உறவு தோன்றும். எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையைக் குடைந்து, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் பௌத்த பிக்ஷுக்கள் இங்கே வாழ்ந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட குகைகள். 3ஆம் எண் குகையே பெரிய வழிபாட்டு மண்டபம். உள்ளே 34 தூண்கள், கோடியில் ஒரு ஸ்தூபம், முன்மண்டபத்தின் இரு பக்கங்களிலும் ஏறத்தாழ 7 மீட்டர் உயரத்தில் நின்ற கோலத்தில் புத்தர் திருவுருவங்கள். அக்குகையில் சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அந்தச் சாதவாகனர் வெளியிட்ட வெள்ளிக் காசுகள் சிலவற்றில் ஒரு பக்கம் பிராகிருதமும், மறு பக்கம் தமிழ் என்று அறிஞர் பலர் கொள்ளும் மொழியும் பொறித்திருக்கின்றன என்பதை நம் குழந்தைகளுக்கு அவ்விடத்திலேயே எடுத்துச் சொன்னோம். ஒருவன், "அப்போதே இரண்டு மொழிப் பலகையா?" என்று கேட்டான். ரயில்வேக்காரன் பிள்ளை அல்லவா!

11ஆம் குகை நீண்டதொரு கூடம். அதன் நெடுகிலும் தரையோடு ஒட்டிய இரண்டு கல் திண்ணைகள். நம் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறும் நீள மேசைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பெண்டிர் அதைக் கண்டதுமே இது சாப்பாட்டுக் கூடம்தான் என்று தீர்ப்பளித்துவிட்டார்கள்; அது சபைக்கூடமும் ஆகும் என்ற எங்கள் வாதம் எடுபடவில்லை. எல்லாவற்றையும்விட எங்களைக் கவர்ந்தது தண்ணீர் ஏற்பாடு. மலையில் விழும் மழையைப் பாறையில் வெட்டிய கால்வாய் வழியே இறக்கி, குகைகளின் முற்றந்தோறும் தொட்டிகளில் சேர்த்திருக்கிறார்கள். மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று அதிகாலையில் குடத்தோடு இறங்கும் நம் குடும்பத்துப் பெண்கள் அத்தொட்டிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதில் வியப்பில்லை.

90ஆம் குகையில் உள்ளதை அவசியம் காண வேண்டும். பாரசீக நாட்டுப் பழைய மொழியான பஹ்லவியில் எழுத்துக்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. கி.பி. 1009ஆம் ஆண்டும் 1021ஆம் ஆண்டும் அவற்றில் குறிக்கப்பட்டுள்ளன. இங்கு வந்த ஜரதுஷ்டிரச் சமயத்தார், இன்றைய பார்ஸிகளின் இனத்தார், இவ்விடத்தைக் காண வந்தபோது தங்கள் பெயர்களையும் வந்த நாளையும் எழுதி வைத்துச் சென்றிருக்கின்றனர். வேற்று மண்ணில் பிறந்த மொழியும் வேற்று மதமும் உடையவர்கள், ஒரு நாள் பொழுதை ஒதுக்கி, அண்டையில் இருக்கும் மலையைக் காணப் புறப்பட்டு வந்திருக்கிறார்கள். இன்னார் இந்நாளில் இங்கே இருந்தோம் என்று சொல்லிவிட வேண்டும் என்ற அவா அவர்களுக்கும் இருந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தக் குடும்பத்தாரோடு எங்களுக்கு ஏற்பட்ட நெருக்கத்தைச் சொல்ல வார்த்தையில்லை. இதை வாசித்துவிட்டு யாரும் ஆணியைக் கொண்டு போய்த் தம் பெயரைச் செதுக்க வேண்டாம். அது இன்று தண்டனைக்குரிய குற்றம். நமக்குத்தான் காமிரா இருக்கிறதே!

குகையில் படம் எடுப்போருக்குச் சில குறிப்புகள். கருவி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். ஆதலால் கரும்பாறையை வெளுக்க வைத்துவிடும். கைபேசித் திரையில் பாறையைத் தொட்டு, வெளிச்ச அளவைச் சற்றுக் கீழே இறக்கினால் பாறை தன் கருமையைப் பெறும். உள்ளே இருட்டில் மின்வெட்டு விளக்கை எரித்தால் முன்னால் இருப்பது வெண்மையாகவும் பின்னால் இருப்பது கும்மிருட்டாகவும் ஆகும். அதை அணைத்துவிட்டு, கைபேசியைத் தோள்பையின் மேலோ திண்ணையின் மேலோ அசையாமல் சாய்த்து, மூன்று விநாடி தாமதம் வைத்து எடுங்கள். முக்காலி வேண்டாம், தொல்லியல் துறைச் சின்னங்களில் அதற்குத் தனி அனுமதி கேட்பார்கள். பெரிய தூணை எடுக்கும்போது அடியில் ஒரு குழந்தையை நிற்க வையுங்கள். அப்போதுதான் ஊரில் படத்தைப் பார்க்கும் பாட்டிக்குத் தூணின் உயரம் விளங்கும்.

பூநாரைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளிர்காலம் தொட்டுக் கோடை வரை ஆயிரக்கணக்கில் தாணே கழிமுகத்துக்கு வருகின்றன. முன்பெல்லாம் துறைமுக மார்க்கத்துச் சேவ்ரி நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால் சேற்றுநிலம் முழுவதும் இளஞ்சிவப்பாக இருக்கும். சேவ்ரியிலிருந்து கடலைக் கடக்கும் 21.8 கிலோமீட்டர் அடல் சேது பாலம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானம் தொடங்கியதிலிருந்து அங்கே கூட்டம் குறைந்து, பறவைகள் எதிர்க்கரையிலும் வடக்கிலும் இடம் தேடிக்கொண்டன. 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்த தாணே கழிமுகத்துக்கு ஐரோலியிலிருந்து வனத்துறையின் படகு செல்கிறது. பிழைப்பை நாடி இடம் மாறி வந்த பறவைகளைப் பிழைப்பை நாடி வந்த நாம் சென்று காண்பதில் ஒரு பொருத்தமும் இருக்கத்தான் செய்கிறது.

இங்கே கடலின் கால அட்டவணையை அறியாமல் சென்றால் ஏமாற்றம்தான். நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் தொலைதூரச் சேற்றில் பரந்து மேயும். படத்தில் எறும்பு வரிசை போலத் தெரியும். ஓதம் ஏற ஏற அவை கரையை நோக்கித் தள்ளப்படும். ஓதம் நாளொன்றுக்கு இருமுறை ஏறும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் பிந்தும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் உச்ச ஓதம் நண்பகலை ஒட்டி வரும். அஷ்டமி வாக்கில் காலை மாலை ஆறு ஏழு மணியை ஒட்டி வரும். ஆகவே சுவரில் தொங்கும் நம் பஞ்சாங்கக் காலண்டரைப் பார்த்தே நாளைத் தோராயமாகக் குறித்துவிடலாம். நிமிஷக் கணக்குக்கு ஓத அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் இலாகாவில் இத்தனை காலம் தவறாமல் ஓடும் வண்டி எதுவும் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். பறவைகளைக் கைதட்டி எழுப்பிப் பறக்கும் படம் எடுப்பவர்களைக் கண்டால் எங்களுக்குக் கோபம் வருகிறது. மேய வந்த உயிரை விரட்டி எடுத்த படத்தில் என்ன அழகு இருக்க முடியும்?

வசாய்க் கோட்டைக்கு ஒரு முழுநாள் வேண்டும். வசாய் ரோடு நிலையத்திலிருந்து பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். 1534இல் குஜராத் சுல்தானிடமிருந்து போர்த்துகீசியர் பெற்று, 1739இல் சிமாஜி அப்பாவின் மராட்டியப் படையிடம் இழந்த இடம். கூரையிழந்த தேவாலயங்களும், சுவரைக் கவ்விப் பிடித்த ஆலம் வேர்களும் மாலை வெயிலில் படத்துக்கு மிகவும் உகந்தவை. அங்கே மீனவப் பெண்டிர் மீன் உலர்த்துவதைக் கண்டு நம் சிறுவர் உடனே கைபேசியை நீட்டினார்கள். தடுத்து, "போட்டோ காடூ கா?" என்று மராத்தியில் கேட்கச் சொன்னோம். எடுக்கட்டுமா என்பது அதன் பொருள். ஒரு பெண்மணி வேண்டாம் என்று தலையசைத்தார்; மற்றவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். கேட்டுப் பெற்ற அந்தச் சிரிப்பைத் திருட்டுத்தனமாக எடுத்திருக்க இயலாது.

தொலைவில் உள்ளவற்றையே சொல்லிக்கொண்டு வந்துவிட்டோம். எங்கள் கட்டடத்தையும் ஓர் உலாவாகக் கொண்டு படம் எடுத்தோம் என்றால் சிரிப்பீர்கள். மறுகட்டுமானத்துக்காகக் கட்டடத்தைக் காலி செய்யுமாறு தாக்கல் வந்த மாதம் அது. எந்த ஊருக்கும் போகாமல், அந்த ஞாயிற்றுக்கிழமையன்று காலை ஆறு மணி முதல் எங்கள் நடைக்கூடத்தையே எடுத்தோம்: கோலம், குழாயடி வரிசை, கம்பியில் உலரும் வேட்டிகள், ஒவ்வொரு வாசலிலும் நின்ற துளசித் தொட்டி, கதவிலக்கம், மாடிப்படிக் கைப்பிடியில் 50 ஆண்டு விரல் பட்டு மழுங்கிய மரம். 36 என்ற வரம்பை அன்று மட்டும் தளர்த்திக்கொண்டோம். இப்போது அக்கட்டடம் இல்லை. ஐந்து குடும்பங்களும் முலுண்ட், செம்பூர், டோம்பிவிலி என்று பிரிந்து வாடகைக்குக் குடியிருக்கிறோம். ஆச்சி தம் மகளோடு வாழத் திருநெல்வேலிச் சீமைக்கே திரும்பிவிட்டார். பேத்தி எடுத்த படத்தில், இடிந்த மதிலில் ஒருக்களித்து அமர்ந்து, தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, காமிராவை நோக்காமல் ரயில் பாதை இருக்கும் திசையைப் பார்க்கிறார். சற்றே சாய்ந்த படம். ஓரத்தில் எடுத்தவளின் விரலும் விழுந்திருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, "இது எங்க பம்பாய் மல" என்று சொல்வதாகக் கடிதத்துக்குப் பதில் தொலைபேசியில் தகவல் வருகிறது. அவ்வூர்ப் பெயர் 1995லேயே மும்பை என்று மாறிவிட்டதை அவரிடம் யார் சொல்வது?

சிதறியிருந்தாலும் உலாவை நிறுத்தவில்லை. புறப்பட எண்ணும் குடும்பங்களுக்கு உத்தியோக முறையில் ஒரு வார்த்தை: தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்கும் ஆயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். அபராதம் கிடக்கட்டும், புறநகர் மின்வண்டி வரும் ஓசை, கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்திருப்பவனுக்குக் கேட்பதில்லை. வாசற்கம்பியில் தொங்கிக்கொண்டு எடுக்கும் வாலிபர்களை வீட்டிலேயே கண்டித்து அனுப்புங்கள். துறைமுகப் பக்கம் காவலர் தடுக்கும் இடத்தில் வாதாட வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கான்ஹேரிப் பாறைகள் பாசி பிடித்து வழுக்கும். முதியோரை அக்காலத்தில் அழைத்துச் செல்லலாகாது.

கடைசியாக, படங்களைக் கைபேசியிலேயே அடைத்து வைக்காதீர்கள். ஓர் உலாவுக்கு நான்கே படங்களைத் தேர்ந்து, அஞ்சலட்டை அளவில் காகிதத்தில் அச்சிடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. ஒன்று இங்கே, ஒன்று ஊருக்கு. பின்புறத்தில் இடம், தேதி, இருப்பவர் பெயர், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவின் கோடு முன்புறம் வரை புடைத்துக்கொண்டு வந்துவிடும். ஊருக்கு அனுப்பும்போது மடிந்துவிடாதபடி நடுவில் பழைய நோட்டுப் புத்தகத்தின் அட்டை ஒன்றை வைத்து உறையை ஒட்டுங்கள்.